நெரிசல் கட்டணத்தை அண்டி ஆபீஸ் அக்கா கட்டிக்கொண்டிருக்கிறார்

போன புதன்கிழமை காலையில் அருமனைப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா கடைக்கு வந்தார். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் நான் பாத்திரக்கடை வைத்திருப்பது இங்கே பலருக்குத் தெரியும். புட்டுக்குடம் வேண்டும் என்றார். குழலை எடுத்துக் குடத்தின் வாயில் பொருத்தி, ஆடுகிறதா என்று இரண்டு தடவை அசைத்துப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை என்று கேட்காமலே தெரிந்தது. முந்திரிக்கொட்டைத் தோட்டில் இருக்கும் எண்ணெய் பட்டுப்பட்டு அப்படி ஆகிவிடும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

"பத்து மணிக்குள்ள திரும்பிருவேன்னு சொல்லிட்டு வந்தேன் மக்கா. பஸ்ஸு பாலத்துக்கு அடியில அரை மணிக்கூறு கெடந்துது" என்றார். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. உடைத்த கிலோவுக்குத்தான் கூலி. போகிற வழியிலும் அதே அரை மணி போகும். ஆக ஒரு மணி நேரக் கூலி அன்றைக்கு ரோட்டிலேயே போய்விட்டது.

அவர் இறங்கிப் போன பிறகு நான் வெளியே வந்து பார்த்தேன். பஸ் ஏன் கிடந்தது என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ரோட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கார்கள் நிற்கின்றன. யாராவது ஒருவர் காரை எடுக்க மாட்டாரா என்று இன்னொரு கார் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு நடுரோட்டில் காத்திருக்கிறது. அதற்குப் பின்னால் டவுன் பஸ், அதற்குள்ளே ஐம்பது அறுபது பேர். ரோட்டோரம் நிறுத்தியிருக்கும் வரிசையில் முதலில் நிற்பது என்னுடைய கார். குழித்துறையிலிருந்து ஓட்டிவந்து காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் ராத்திரி கடை அடைக்கும்போதுதான் எடுப்பேன். பக்கத்துக் கடைக்காரர்களும் அப்படித்தான். நிற்கிற கார்களில் பாதிக்கு மேல் வாடிக்கையாளர்களுடையது இல்லை, எங்களுடையது. இதற்கு நாங்கள் யாருக்கும் ஒரு பைசா கொடுப்பதில்லை.

நகரத்துக்குள் காரில் வருகிறவர்களிடம் நெரிசல் கட்டணம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் உடனே "ஏழைகள் தலையில் இன்னொரு சுமையா?" என்று கேட்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன். இப்போது எனக்கு அது தப்பான கேள்வி என்று படுகிறது. நெரிசலுக்கான கட்டணம் ஏற்கெனவே வசூலாகிக்கொண்டுதான் இருக்கிறது. பஸ்ஸில் நிற்கிறவர்களிடமிருந்து, கூலியாக, நேரமாக வசூலாகிறது. அது எந்தக் கணக்கிலும் வராது, அந்தப் பணத்தில் ஒரு புது பஸ்கூட வாங்க முடியாது. நாளெல்லாம் இடத்தை அடைத்து நிற்கும் என் கார் மட்டும் சும்மா நிற்கிறது.

வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1950-களிலேயே இதைச் சொன்னார். கூட்டமான ரோட்டில் புதிதாக நுழைகிற ஒவ்வொரு வண்டியும் தனக்குப் பின்னால் வருகிற அத்தனை பேருடைய நேரத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது, எடுத்துக்கொண்டதற்கு விலை கொடுக்கட்டும் என்பதுதான் அவர் வாதம். 1996-ல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது, மூன்றே நாளில் இறந்துபோனார். அவர் பாடம் நடத்திய நியூயார்க்கில் அந்தக் கட்டணம் வந்தது 2025 ஜனவரி 5-ம் தேதி, காருக்கு 9 டாலர்.

சிங்கப்பூர் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 1975 ஜூனில், அதாவது வண்டிகளைக் கேமராவும் கம்ப்யூட்டரும் வைத்துக் கணக்கெடுக்காத காலத்தில், கண்ணாடியில் ஒட்டும் சீட்டை வைத்தே தொடங்கிவிட்டார்கள். காலை நேரத்தில் நகர மையத்துக்குள் போக ஒரு நாளைக்கு 3 சிங்கப்பூர் டாலர். நாலு பேர் சேர்ந்து வந்த காருக்கு அன்றைக்குக் கட்டணம் கிடையாது. எனக்கு இந்த விதி ரொம்பப் பிடித்திருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறி மலையோரம் போகிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும்.

"கட்டணம் போட்டால் நெரிசல் குறையுமா, எல்லோரும் கட்டிவிட்டு வரத்தானே போகிறார்கள்" என்று மச்சான் கேட்டார். எல்லோரும் வராமல் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏப்ரல், மே லீவில் நம்முடைய ரோட்டை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூட வேனும் பிள்ளைகளைக் கொண்டுவிடுகிற வண்டிகளும் மட்டும்தான் அப்போது இல்லை. மற்ற எல்லாம் ஓடுகின்றன. அதற்கே ரோடு இளகிவிடுகிறது. ஐந்தில் ஒரு வண்டி குறைந்தால் போதும். ஸ்டாக்ஹோமில் ஏறக்குறைய அந்த அளவுதான் குறைந்தது.

ஸ்டாக்ஹோம் கதையை எங்கள் வியாபாரிகள் எல்லோரும் கேட்க வேண்டும். அங்கேயும் முதலில் பெரும்பாலானவர்கள் எதிர்த்தார்கள். 2006 ஜனவரியிலிருந்து ஜூலை வரை சோதனையாகக் கட்டணம் வாங்கிப் பார்ப்போம் என்று நடத்தினார்கள். ஜூலை முடிந்ததும் கட்டணத்தை நிறுத்தினார்கள். செப்டம்பரில் நகர மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள். ஏழு மாதம் அனுபவித்துப் பார்த்த மக்கள் வேண்டும் என்று சொன்னார்கள், 2007-ல் நிரந்தரமாக வந்துவிட்டது. எடின்பரோவில் 2005-ல் நடத்திப் பார்க்காமலே வாக்கெடுப்பு வைத்தார்கள், மக்கள் வேண்டாம் என்றார்கள். கையில் எடுத்துப் பார்க்காத பாத்திரத்தை யார் வாங்குவார்?

இனி பணம் எங்கே போகும் என்ற கேள்வி. இதில்தான் நம்முடைய பயம் எல்லாம் இருக்கிறது, அந்தப் பயம் நியாயமானதும்கூட. லண்டனில் 2003 பிப்ரவரி 17-ம் தேதி 5 பவுண்ட் கட்டணம் தொடங்கிய அதே நேரத்தில் 300 பஸ்களைக் கூடுதலாக இறக்கினார்கள். செலவு போக மிஞ்சும் பணத்தைப் போக்குவரத்துக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். இந்த இரண்டும் இல்லாமல் இங்கே யாராவது கட்டணம் என்று வந்தால் நானே முதல் ஆளாக எதிர்ப்பேன். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அங்கே இருக்கிறவர்களைக் கேளுங்கள். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எவ்வளவு நல்ல காரியம் அது. ஆனால் டிக்கெட் இல்லாத பஸ்ஸும் காருக்குப் பின்னால் அரை மணி நின்றால் அந்த அக்காவுக்கு லாபம் எங்கே மிஞ்சும்?

லண்டனில் பிறகு நெரிசல் திரும்பி வந்ததையும் சொல்லத்தான் வேண்டும். ஆப்பில் கூப்பிடும் வாடகைக் கார்கள் பெருகின. அந்த வகைக் கார்களுக்கு 2019 வரை அங்கே விலக்கு இருந்தது. விலக்குக் கொடுத்த வழியாகவே கூட்டம் உள்ளே வரும். நாம் தொடங்கும்போது ஆம்புலன்ஸ், பஸ், மாற்றுத்திறனாளிகளின் வண்டி, இவற்றோடு விலக்கை நிறுத்திக்கொள்ள வேண்டும். டூவீலரை இப்போதைக்கு விட்டுவிடலாம். லண்டனிலும் பைக்குக்குக் கட்டணம் கிடையாது.

ரோட்டை அகலமாக்கலாம், இன்னொரு பாலம் கட்டலாம் என்பவர்களுக்கு: நம் ஊர் மேம்பாலத்தில் 2018 கடைசியிலிருந்து வண்டி ஓடுகிறது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிறவர்கள் மேலேயே போய்விடுகிறார்கள், அவர்களுக்கு நிம்மதி. கீழே இருக்கிற நமக்கு? கிடைத்த இடத்தையெல்லாம் நின்றுகொண்டிருக்கும் கார்கள் எடுத்துக்கொண்டன. பெரியம்மாவை திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப்போன நாட்களில் எல்லைக்கு அந்தப் பக்கமும் இதைத்தான் பார்த்தேன். கரமனைப் பக்கம் அகலமான ரோட்டில் பறந்துபோகிற வண்டிகள் கிழக்கேகோட்டைக்கும் சாலை என்கிற கடைத்தெருவுக்கும் போய்ச் சேர்ந்ததும் அசையாமல் நிற்கும். தெருவின் அகலம் ராஜா காலத்தில் போட்டது. அதை இனி இழுத்து நீட்ட முடியாது. திருவனந்தபுரம் மாதிரி பெரிய நகரத்துக்குக் கேமரா வைத்த கட்டணம் பொருந்தும்.

மார்த்தாண்டத்துக்குக் கேமரா எல்லாம் வேண்டாம். ரோட்டோரம் காரை நிறுத்த மணிக்கு இவ்வளவு என்று வாங்கினாலே போதும். முதல் அரை மணி சும்மா விடுங்கள், பாத்திரம் வாங்க அது தாராளம். அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் ஏறட்டும். என்னைப் போல ஒன்பதிலிருந்து ஒன்பது வரை நிறுத்துகிறவருக்கு வலிக்கிற அளவுக்கு ஏறட்டும். வசூலான பணத்தையும் அதில் செய்ததையும் மாதாமாதம் பஸ் ஸ்டாண்டில் போர்டில் எழுதிவைக்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வியாபாரிகள் கூட்டத்தில் இதைச் சொல்லப்போகிறேன். எங்கள் வரிசையில் மட்டும் ஆறு மாதம் நடத்திப் பார்க்கலாம் என்று கேட்பேன். சண்டை வரும், தெரியும். பக்கத்துக் கடை அண்ணன் இப்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போன திங்கட்கிழமையிலிருந்து காரை விட்டுவிட்டு நான் குழித்துறையில் பஸ் ஏறித்தான் கடைக்கு வருகிறேன். இன்றைக்கு வீட்டிலிருந்து கடைக்கு வர 35 நிமிடம் ஆனது, அதில் கடைசி 15 நிமிடம் பாலத்துக்கு அடியில்.