ஸ்டான்லியில் தேர்வில்லாமல் நர்ஸ் வேலையா?

‘தனியார் ஆஸ்பத்திரிகள் ஆளைக் குறைக்கின்றன, 3,000 ரூபாய் கட்டினால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் தேர்வில்லாமல் நிரந்தர நர்ஸ் வேலை’ என்று சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. பொய். படத்தில் தமிழக அரசின் கோபுர முத்திரை கோணலாக ஒட்டியிருக்கிறது, ‘மருத்துவமணை’ என்று எழுத்துப்பிழை வேறு.

அரசு நர்ஸ்களைத் தேர்ந்தெடுப்பது 2012-இல் அமைத்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்ஆர்பி. அறிவிப்பு, விண்ணப்பம், கட்டணம் எல்லாம் அதன் இணையதளத்தில்தான். யாருடைய ஜிபே நம்பருக்கும் பணம் போகாது. தேர்வானாலும் முதலில் தொகுப்பூதியம்தான், அதாவது மாதம் ஒரு மொத்தத் தொகை மட்டும்; நிரந்தரம் அப்புறம். நிரந்தரமாக்கச் சொல்லி நர்ஸ்கள் போராடியதை டிவியில் பார்த்திருப்பீர்களே!

சரி, எழுத்துத் தேர்வில்லாத வேலையே கிடையாதா? உண்டு. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கீழ் ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். ஆனால் அது நிரந்தரமல்ல. நர்சிங் கவுன்சில் பதிவு அதற்கும் வேண்டும்.