சளி சிரப்பை விடுங்க, பாட்டிலைத் திருப்பிப் பாருங்க

போன வாரம் அக்கா பொண்ணுக்குக் காய்ச்சல். ஒன்றேகால் வயசு, 10 கிலோ. அவர்கள் இருக்கிற சென்னை கொருக்குப்பேட்டை தெருவில் அந்த வாரம் மூக்கு ஒழுகாத பிள்ளையே கிடையாது. மாமா மெடிக்கல் ஷாப்பில் "பாராசிட்டமால் சிரப்" என்று கேட்டு வாங்கி வந்தார், அக்கா வழக்கம்போல மூடியில் 6 மில்லி ஊற்றினாள், நான் சும்மா பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் 5 மில்லியில் 250 மில்லிகிராம்! வீட்டில் எப்போதும் வாங்குவது 120. ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம்தான் கணக்கு, இவளுக்கு 150. பழைய பாட்டிலில் 6 மில்லி சரி, இதில் 3 மில்லி போதும். அப்படியே கொடுத்திருந்தால் இரண்டு மடங்கு. பெயரும் ஒன்று, பழச்சுவையும் ஒன்று, யாருக்குத் தெரியும்?

அதற்குள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, தன் பேரனுக்கு வாங்கி மிச்சம் இருந்த இருமல் சிரப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2025 அக்டோபரை அதற்குள் மறந்துவிட்டோமா? நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தார்கள். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷ ரசாயனம் 48 சதவீதத்துக்கு மேல் இருந்தது. அப்போதே மத்திய சுகாதாரத் துறை சொன்னது, 2 வயசுக்குள் சளி, இருமல் மருந்தே கூடாது, 5 வயசுக்குள்ளும் பொதுவாக வேண்டாம் என்று. கலப்படமே இல்லாத நல்ல சிரப்பாக இருந்தாலும் சளிக்கு அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. வைரஸ் சளி ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போகும். மூக்குக்கு சலைன் (உப்புநீர்) சொட்டு, அடிக்கடி பால், தண்ணீர், அவ்வளவுதான். (கொதிக்கிற குண்டானுக்கு மேல் பிள்ளையைப் பிடித்து ஆவி காட்டுவதையும் தயவுசெய்து விடுங்க, சுட்டுக்கொண்டால் அது வேறு கதை.)

பயப்பட வேண்டியது மூச்சுக்கு. பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்க. இரண்டு மாசத்துக்குள் 60, அதற்கு மேல் ஒரு வயசுக்குள் 50, அதற்கும் மேல் 5 வயசு வரை 40, இதைத் தொட்டாலோ விலா உள்வாங்கினாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ ஆட்டோ பிடித்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ ஓடுங்க. மூன்று மாசத்துக்குள் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே காத்திருக்கக் கூடாது.

அக்கா எண்ணினாள், 32. அந்தப் பாட்டிலில் மார்க்கரால் பெரிசாக "3 மில்லி" என்று எழுதிவைத்துவிட்டு வந்தேன்.