வயசான அம்மா சொன்னால் யார் நம்புகிறார்கள்?

லண்டனிலிருந்து கிளம்பிய ஒரு ரயில். ஜன்னலோரம் ஒரு வயதான அம்மாள், கையில் துப்பறியும் நாவல். பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு ரயில் ஒட்டி ஓடி வருகிறது. சட்டென்று அந்த ரயிலின் ஒரு ஜன்னலில் திரை மேலே ஏற, உள்ளே ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கிறான். அவன் முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிகிறது. இவர் பதறி எழுந்திருப்பதற்குள் அந்த ரயில் முந்திப் போய்விடுகிறது. டிக்கெட் பரிசோதகர் நம்பவில்லை. போலீஸ் தேடிப் பார்த்துவிட்டு உடல் எதுவும் கிடைக்கவில்லை என்கிறது. இந்தம்மா படிக்கிற புத்தகத்தையும் வயதையும் சேர்த்துப் பார்த்து, ஏதோ தூக்கக் கலக்கத்தில் கண்டதாக முடிவு கட்டிவிடுகிறார்கள்.

1961-இல் வந்த 'மர்டர், ஷி செட்' படம் இப்படித்தான் தொடங்குகிறது. ஜார்ஜ் பொல்லாக் இயக்கியது, கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. அகதா கிறிஸ்டி 1957-இல் எழுதிய '4.50 ஃப்ரம் பேடிங்டன்' நாவல்தான் மூலம். அந்த ரயில் அம்மாள்தான் மிஸ் மார்ப்பிள், கிறிஸ்டியின் கதைகளில் கொலைகளைத் துப்பறியும் கல்யாணமாகாத வயதான பெண். நடித்தவர் மார்கரெட் ரூதர்ஃபோர்ட். கிறிஸ்டி ரசிகர்களிடம் இந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள், நாவலைக் கெடுத்துக் கோமாளித்தனம் ஆக்கிவிட்டார்கள் என்று. மற்ற பாதிப் பேர் பொழுதுபோக்குக்கு ஒருமுறை பார்க்கலாம் என்பார்கள். எனக்கு இரண்டுமே ஒப்புதல் இல்லை. வயதான ஒரு பெண் தன் கண்ணால் கண்டதைச் சொல்லி அதை யாரும் காதில் வாங்காதபோது என்ன ஆகும் என்பதை இவ்வளவு கரிசனத்தோடு சொன்ன படம் எனக்குத் தெரிந்து குறைவு. சிரிக்கச் சிரிக்கச் சொல்வதால் அந்தக் கரிசனம் குறைந்துவிடவில்லை.

இன்ஸ்பெக்டர் கிராடக் மரியாதையாகவே பேசுகிறார், அதுதான் வலிக்கிறது. திட்டினால்கூடப் பதில் சொல்லலாம், ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னால் என்ன செய்வது? ரயிலில் ஏதோ ஜோடி விளையாடிக்கொண்டிருந்திருக்கும் என்ற தொனியில் அவர் பேச, மார்ப்பிள் நிமிர்ந்து பதில் கொடுப்பார்: நான் கல்யாணமாகாத கிழவியாக இருக்கலாம், ஆனால் விளையாட்டு எது, கொலை எது என்று எனக்குத் தெரியும் என்று. தியேட்டரில் சிரிப்பதற்காக எழுதிய வசனம்தான். ரூதர்ஃபோர்ட் அதைச் சொல்லும்போது தாடை லேசாக நடுங்கும். அங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு என் அம்மாவுக்கு வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி. சாப்பிட்டதும் வரும், முதுகுவரை இழுக்கும் என்று தெளிவாகச் சொன்னாள். முதலில் பார்த்த டாக்டர் வாயு என்றார். அடுத்தவர் வயசானால் இப்படித்தான் இருக்கும் அம்மா, கவலையை விடுங்கள் என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மா சொன்ன ஒரு வார்த்தையைக்கூட அவர் எழுதிக்கொள்ளவில்லை, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துத்தான் பேசினார். ஐந்து மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பை நிறையக் கல். அம்மா முதல் நாள் சொன்னது அத்தனையும் சரி. அந்த ஐந்து மாதத்தில் நானும்தான் இரண்டு தடவை, எல்லாவற்றுக்கும் பயப்படாதே என்று சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

சரி, படத்துக்கு வருகிறேன். நாவலில் கொலையைப் பார்ப்பது மார்ப்பிள் இல்லை, அவருடைய தோழி திருமதி மெக்கிலிகடி. சந்தேகத்துக்குரிய பங்களாவில் வேலைக்காரியாகப் போய் வேவு பார்ப்பதும் மார்ப்பிள் இல்லை, லூசி என்ற கெட்டிக்கார இளம்பெண். மார்ப்பிள் பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலிருந்து யோசிக்கிறார். படம் இந்த மூன்று பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. இதைத்தான் ரசிகர்கள் குற்றமாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் படத்தின் மிகச் சிறந்த முடிவே இதுதான். பார்த்தவளே போய்த் தேட வேண்டும் என்று ஆனதும் கதை வேறு மாதிரி ஆகிவிடுகிறது. யாரும் நம்பவில்லையா, சரி, நானே கண்டுபிடித்துக் கொண்டுவந்து கண்முன்னால் போடுகிறேன் என்று ஒரு அறுபத்தொன்பது வயது நடிகை தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளி வேஷம் போட்டுக்கொண்டு ரயில்பாதை ஓரமாக நடக்கிறார். அந்த உடம்பையும் அந்த நடையையும் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும், கொஞ்ச நேரத்தில் அவர் எதையும் தவறவிடாமல் பார்க்கிறார் என்பது புரிய, சிரிப்பு தானாக நின்றுவிடும்.

அப்புறம் அந்த வீடு, அக்கன்தார்ப் ஹால். உடல் அந்த வளாகத்துக்குள்தான் போயிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, மார்ப்பிள் அங்கே சமையலும் வீட்டுவேலையும் செய்யும் ஆளாகச் சேர்கிறார். அங்கே என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். ஏப்ரனைக் கட்டிக்கொண்ட மறுகணமே அவர் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறார். சாப்பாட்டு மேஜையில் சொத்து, உயில், பங்கு என்று அவர் எதிரிலேயே பேசுகிறார்கள். தட்டு எடுக்கிறவளுக்குக் காது இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எந்த அலட்சியத்தால் போலீஸ் அவரை நம்பவில்லையோ, அதே அலட்சியம்தான் இங்கே அவருக்குச் சாவியாகிறது. கோல்ஃப் மட்டையை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் பந்தடிக்கிற சாக்கில் புதர் புதராகத் தேடுவார் பாருங்கள், அந்தக் காட்சிக்காகவே இரண்டாம் முறை பார்க்கலாம்.

அந்த வீட்டுக் கிழவர் அக்கன்தார்ப்பாக ஜேம்ஸ் ராபர்ட்சன் ஜஸ்டிஸ். தாடியும் குரலுமாக மலைபோல ஒரு ஆள், படுக்கையில் கிடந்தபடி எல்லோர் மீதும் எரிந்து விழுகிறவர். அவருக்கு இந்த வேலைக்காரி பயப்படுவதே இல்லை. அவர் கத்தினால் இவர் அதைவிட ஒரு பங்கு உரக்கப் பதில் சொல்வார். இருவருக்கும் நடக்கும் வாய்ச்சண்டையில் எனக்கு மிகவும் பிடித்தது, வயதானவர்கள் இரண்டு பேர் சரிக்குச் சரி மோதிக்கொள்ளும் சுகம். அங்கே யாரும் யாரையும் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்வதில்லை. கடைசியில் கிழவர் அவருடைய பாணியில் உறுமிக்கொண்டே கல்யாணத்துக்குக் கேட்கிறார், மார்ப்பிள் மறுத்துவிடுகிறார்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அக்கன்தார்ப் பிள்ளைகளில் யார் யார் என்று பிரித்தறிவதே கஷ்டம், ஒருவர் செத்தாலும் நமக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. மார்ப்பிள் சமைத்த வாத்துக் கறியைச் சாப்பிட்டுவிட்டு வீடே ஆர்சனிக் விஷத்தில் சுருண்டு விழும் இடத்தில், சமைத்தவர் மேலேயே சந்தேகம் விழலாமே என்ற திகிலை இன்னும் நன்றாகப் பயன்படுத்தியிருக்கலாம். கொலையாளியின் காரணத்தைக் கடைசி நிமிடங்களில் அவசரமாகச் சொல்லி முடிக்கிறார்கள். யார் என்பதைச் சொல்லப் போவதில்லை, பயப்பட வேண்டாம்.

ஆனால் மிஸ்டர் ஸ்டிரிங்கரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மார்ப்பிளுக்குத் துணையாக வரும் சாதுவான நூலகர். நாவலில் இப்படி ஒருவர் கிடையாது. நடித்தவர் ஸ்டிரிங்கர் டேவிஸ், ரூதர்ஃபோர்டின் சொந்தக் கணவர். 1945-இல் கல்யாணம் செய்துகொண்டபோது ரூதர்ஃபோர்டுக்கு 52 வயது. மார்ப்பிளாக நடிக்க வேண்டுமானால் என் கணவரும் நடிக்க வேண்டும், நான் என் சொந்த உடைகளைத்தான் போடுவேன் என்று நிபந்தனை வைத்தாராம். அந்தப் பெரிய கம்பளித் தொப்பியும் போர்வை மாதிரியான மேலங்கியும் அவருடையவைதான் என்று தெரிந்த பிறகு அவற்றைப் பார்க்கவே தனி அன்பு வருகிறது. ஸ்டிரிங்கர் பயந்த சுபாவம், ஆனால் அந்த ஒரு ஆள்தான் முதல் வார்த்தையிலேயே அவரை நம்புகிறார். நிரூபி என்று கேட்கவில்லை, உடனே தேடக் கிளம்பிவிடுகிறார். படத்தில் காதல் காட்சி என்று தனியாக எதுவும் வேண்டியதில்லை.

ரூதர்ஃபோர்ட் இந்த வேஷத்தை ஏற்கவே முதலில் தயங்கினார், கொலையை வைத்து வேடிக்கை காட்டுவது அவருக்கு ஒவ்வவில்லை. அவருடைய வாழ்க்கைக் கதையைப் படித்தபோதுதான் காரணம் எனக்கு உறைத்தது. அவருடைய அப்பா வில்லியம் பென், 1883-இல் மனநிலை பிறழ்ந்த நிலையில் தன் தந்தையையே அடித்துக் கொன்றவர். பிராட்மூர் மனநோய்க் காப்பகத்தில் ஏழு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்து, பென் என்ற குடும்பப் பெயரை விட்டுவிட்டார். 1892-இல் மார்கரெட் பிறந்த பிறகு, யாருக்கும் தெரியாத இடத்தில் புது வாழ்க்கை தொடங்கலாம் என்று அவர்கள் வந்து சேர்ந்த ஊர் எது தெரியுமா? நம்ம மெட்ராஸ். இங்கேதான் அவருடைய அம்மா, வயிற்றில் ஒரு பிள்ளையோடு, மரத்தில் தூக்குப் போட்டு இறந்தார். மூன்று வயதுக் குழந்தையை இங்கிலாந்துக்கு, விம்பிள்டனில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பாவும் செத்துவிட்டார் என்று சொல்லி வளர்த்தார்கள். அது பொய், அவர் திரும்பவும் பிராட்மூரில் இருக்கிறார் என்று சிறுமியாக இருக்கும்போதே தெரிந்துபோனது. இதையெல்லாம் சுமந்துகொண்டு, 33 வயதில்தான் மேடை நடிகை ஆனார். அப்படி ஒருவர் கொலைக் கதையில் நடித்துக் கோடிப் பேரைச் சிரிக்கவைத்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தத் தாடை நடுக்கத்தை என்னால் வெறும் நடிப்பாகப் பார்க்க முடியவில்லை. எந்தத் தெருவில் அந்தக் குடும்பம் இருந்திருக்கும் என்று இந்த ஊர்ப் பழைய மரங்களைக் கடக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

கிறிஸ்டிக்கு இந்தப் படங்கள் பிடிக்கவில்லை என்பது உண்மை. அவர் எழுதிய மார்ப்பிள் ஒல்லியான, மென்மையான, பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருக்கும் அம்மாள். ஆனால் 1962-இல் வந்த மார்ப்பிள் நாவலை மார்கரெட் ரூதர்ஃபோர்டுக்கு வியப்போடு என்று எழுதிச் சமர்ப்பணம் செய்ததும் அதே கிறிஸ்டிதான். படம் பிடிக்காமலே நடிகையை மதிக்க அவருக்கு முடிந்தது. நம் ரசிகர்கள் அதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொன்று. சமையலறைக் காட்சிகளில் திருமதி கிடர் என்று ஒரு வேலைக்கார அம்மா வருவார், சின்ன வேஷம். அவர் ஜோன் ஹிக்சன். 1984 முதல் 1992 வரை பிபிசி தொடரில் மிஸ் மார்ப்பிளாக வந்து, கிறிஸ்டி எழுதியபடியே நடித்தார் என்று எல்லோரும் கொண்டாடும் அதே ஹிக்சன். தொடங்கும்போது அவருக்கு 78 வயது. இரண்டு மார்ப்பிள்களும் ஒரே சமையலறையில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். ஆங்கிலம் அவளுக்குக் கொஞ்சம்தான் புரியும், இடையிடையே நான் சொல்லிக்கொண்டே வந்தேன். இன்ஸ்பெக்டர் காட்சியில் நான் வாயைத் திறப்பதற்குள், "இவன் நம்ப மாட்டான் பாரு" என்றாள். பழைய லாயத்தில் மார்ப்பிள் அந்த உடலைக் கண்டுபிடித்ததும் நாற்காலியின் முன்னுக்கு வந்து, "இப்ப என்ன சொல்லுவானாம்?" என்று கேட்டாள், முகமெல்லாம் சிரிப்பு. அதற்குப் பிறகு இதே கூட்டணியில் இன்னும் மூன்று படம் வந்திருக்கிறது, 1963-இல் வந்த அடுத்த படத்தில் அந்த அம்மா குதிரை ஏறுவார், ட்விஸ்ட் நடனம்கூட ஆடுவார் என்றேன். வர ஞாயிறு மதியம் யாரும் வீட்டுக்கு வர வேண்டாம் என்று இப்போதே தங்கைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.