இதில் எதை நிறுத்தலாம் டாக்டர்?

என் மாமியாருக்கு 78 வயது. போன வருடம் இந்த நேரத்தில் ஒரு நாளைக்கு 13 மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலையில் ஆறு, மதியம் இரண்டு, ராத்திரி ஐந்து. எடுத்துக் கொடுத்தது நான்தான். ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுப்பதுதான் அவரை நன்றாகப் பார்த்துக்கொள்வது என்று மனதார நம்பினேன். அதில் ஒரு மாத்திரை அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக முடக்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. பார்த்த நான்கு டாக்டர்களும் கவனிக்கவில்லை. யார் மேலும் பழி போட இதை எழுதவில்லை. இதே கதை இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் என்ற பயத்தில்தான் முழுதாக எழுதுகிறேன்.

அத்தை தஞ்சாவூரில் தனியாக இருந்தபோது ஒருநாள் காலையில் எழுந்ததும் தலை சுற்றியிருக்கிறது. பக்கத்துக் கிளினிக்கில் சின்னாரிசின் எழுதிக் கொடுத்தார்கள், ஐந்து நாளைக்கு. சுற்றல் முழுதாக நிற்கவில்லை என்று மெடிக்கலில் அதே சீட்டைக் காட்டி மறுபடி வாங்கினார். அப்புறம் சீட்டுகூடத் தேவைப்படவில்லை, காலி அட்டையை நீட்டினாலே கொடுத்துவிட்டார்கள். அப்படியே ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. எங்களோடு சென்னைக்கு வந்த பிறகு காபி டம்ளரைப் பிடிக்கும் கை நடுங்க ஆரம்பித்தது, நடை குறுகி காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார், பேத்தி ஏதாவது சொன்னால் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறவர் முகத்தில் அசைவே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். வயசாயிடுச்சு என்றோம். நரம்பு டாக்டர் ஒருவர் பார்க்கின்சன் என்று சொல்லி லெவோடோப்பா எழுதினார். அந்த மருந்துக்கு எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும் குணம் உண்டு, ஏற்கெனவே பிரஷருக்கு இரண்டு மாத்திரை வேறு ஓடிக்கொண்டிருந்தது. தலைசுற்றல் கூடியது. சுற்றல் கூடியதால் சின்னாரிசின் இரண்டு வேளை மூன்று வேளை ஆனது. ஒரு ராத்திரி பாத்ரூம் வாசலில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

அதற்குப் பிறகுதான் ஒரு முதியோர் மருத்துவரிடம் போனோம். முதல் தடவை போனில் பேசும்போதே, "அவங்க சாப்பிடுற எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க, நீங்களா மெடிக்கல்ல வாங்கினது, சத்து மாத்திரை, லேகியம், எதுவா இருந்தாலும் சரி" என்றார். துணிப்பையை மேசையில் கவிழ்த்து ஒவ்வொரு அட்டையாக எடுத்து, இது எதுக்கு, யார் எழுதினது, எப்போதிலிருந்து என்று கேட்டார். முக்கால்வாசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மெடிக்கலில் வெட்டிக் கொடுத்த அட்டைகளில் பாதிக்கு மருந்தின் பெயரே இல்லை. ரெண்டு வேறு பெயரில் இருந்த கேஸ் மாத்திரை இரண்டும் ஒரே பான்டோபிரசோல், ஒன்றை சுகர் டாக்டர் எழுதியிருந்தார், இன்னொன்றை எலும்பு டாக்டர் வலி மாத்திரையோடு சேர்த்து எழுதியிருந்தார். வலி மாத்திரை எப்போதோ நின்றுபோயிற்று, அதற்குத் துணையாக வந்தது மட்டும் நிற்கவில்லை.

அப்புறம் அத்தையைப் படுக்க வைத்து பிரஷர் பார்த்தார், 136. எழுந்து நிற்கச் சொல்லி இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தார், 104. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 இறங்கினாலே கவனிக்க வேண்டிய விஷயமாம். தஞ்சாவூரில் முதல்நாள் வந்த தலைசுற்றலுக்கே அனேகமாக இதுதான் காரணமாக இருந்திருக்கும் என்றார். அத்தனை நாளில் அவரை நிற்க வைத்து ஒருவர்கூட பிரஷர் பார்க்கவில்லை. இதற்கு ஸ்கேன் வேண்டாம், செலவு இல்லை, ஐந்து நிமிடம் போதும். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உடம்பின் அசைவைச் சீராக வைக்கிற டோபமின் என்ற ரசாயனத்தின் வேலையை சின்னாரிசின் மூளையில் தடுக்கும். வயதானவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டால் பார்க்கின்சன் போலவே நடுக்கத்தையும் விறைப்பையும் கொண்டுவரலாம். தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் கொடுக்கிற ஸ்டெமெட்டில், மெட்டோகுளோப்ரமைட் இவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது வியாதி என்று நினைத்து அதற்கும் ஒரு மருந்து எழுதுவதை மருத்துவ இதழ்கள் தொண்ணூறுகளிலேயே பேசியிருக்கின்றன. ரொம்பச் சாதாரணமாக நடப்பது இன்னொன்று: பிரஷருக்கு அம்லோடிபின் கொடுக்கிறார்கள், அதனால் கால் வீங்குகிறது, வீக்கத்துக்கு நீர் மாத்திரை, அதனால் ராத்திரி நான்கு தடவை எழுந்து இருட்டில் பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது, உப்புச் சத்து குறைகிறது, குழம்பிப் பேசுகிறார்கள், விழுகிறார்கள். உங்கள் வீட்டில் கால் வீங்கியிருக்கும் பெரியவர் யாராவது இருந்தால் எந்தப் பிரஷர் மாத்திரை என்று ஒரு தடவை பாருங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நம் ஊரில் மாத்திரையை ஆரம்பிக்க ஆள் இருக்கிறார்கள், நிறுத்துவது யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியவில்லை. இதய டாக்டர் சுகர் மாத்திரையைத் தொடமாட்டார், சுகர் டாக்டர் நரம்பு மாத்திரையைத் தொடமாட்டார், ஒவ்வொருவரும் "மத்ததை அப்படியே கன்டினியூ பண்ணுங்க" என்பார்கள். அவர்களைச் சொல்லியும் பயனில்லை, வெளியே அறுபது பேர் காத்திருக்கும்போது பையைக் கவிழ்த்துப் பார்க்க நேரம் ஏது? அதைவிட, டாக்டர் ஒன்றும் எழுதாமல் அனுப்பினால் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறவர்கள் நாம். மாத்திரையைக் குறைத்தால் பெரியவரைக் கைவிட்டுவிட்டோமோ என்று உறுத்துகிறவர்களும் நாம்தான். அத்தையே பயந்தார். "இத்தனை வருஷமா சாப்பிட்டதும்மா, நிறுத்தினா ஏதாவது ஆயிடுமா?" என்று அன்று ராத்திரி இரண்டு முறை கேட்டார்.

நாற்பது வயதில் ஒத்துக்கொண்ட அளவு எழுபத்தெட்டில் ஒத்துக்கொள்வதில்லை. சிறுநீரகம் மெதுவாகிவிடுகிறது, உடம்பில் தண்ணீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுவதால் டயசிபாம் மாதிரியான தூக்க மாத்திரைகள் நாள்கணக்கில் உள்ளேயே தங்குகின்றன. சாப்பாடு பாதியாகக் குறைந்திருக்கும், சுகர் மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே இருக்கும், விடியற்காலையில் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டும். அத்தையின் மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 என்று வந்தபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். உடம்பு தளர்ந்த முதியவருக்கு 8 வரை இருந்தால்கூடப் பரவாயில்லை, கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இவ்வளவு கீழே இருப்பதுதான் ஆபத்து என்று அந்த டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது.

இது புது ஞானமும் இல்லை. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் 1991-லேயே வெளியிட்டார், அதை 2023-இலும் திருத்திப் புதுப்பித்திருக்கிறார்கள். 2018-இல் வெளிவந்த ஆஸ்பிரீ ஆய்வில், பெரும்பாலும் 70 வயது தாண்டிய, இதய நோய் இல்லாத 19,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்ததில், முன்னெச்சரிக்கையாக தினம் ஆஸ்பிரின் சாப்பிட்டதால் நன்மை தெரியவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. நம் ஊரிலும் ஆள் இல்லாமல் இல்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவை 1978-லேயே ஆரம்பித்தார், கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மையம் 2024-இல் திறக்கப்பட்டது. 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டு வருகிறது, அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அதோடு இன்னொன்றும் வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவையாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பையோடு வரச்சொல்லி, ஒவ்வொன்றும் இன்னும் தேவையா என்று பார்த்து, நிற்க வைத்து பிரஷர் பார்த்து அனுப்புகிற ஒரு நாள்.

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் யாரும் எதையும் தானாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரின் அவசியம். இதயத்துக்குக் கொடுக்கும் மெட்டோபுரோலால், வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, தூக்க மாத்திரை இதையெல்லாம் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். கேஸ் மாத்திரையை நிறுத்தினால்கூட சில வாரம் நெஞ்செரிச்சல் முன்னைவிட அதிகமாகத் திரும்பும், அதைப் பார்த்து மாத்திரை இல்லாமல் முடியாது என்று மறுபடி ஆரம்பித்தவர்கள் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள். டாக்டர் முன்னால் பையை வைத்து "இதில் எதை நிறுத்தலாம், எதைக் குறைக்கலாம்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கோபப்படுவாரோ என்று தயங்காதீர்கள். நான் தயங்கி ஒரு வருடத்தை இழந்தேன்.

எங்கள் டாக்டர் ஒரே நாளில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிடவில்லை. முதலில் சின்னாரிசினை நிறுத்தினார், பிரஷர் மாத்திரையில் ஒன்றை எடுத்தார், சுகர் மாத்திரையைப் பாதியாக்கினார். நரம்பு டாக்டரிடமும் பேசிவிட்டு, இரண்டு மாதம் கழித்து லெவோடோப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். கேஸ் மாத்திரை அதற்கும் பிறகு. நான்காவது மாதம் டம்ளர் ஆடவில்லை. எல்லாருக்கும் இப்படித் திரும்பிவிடாது, சிலருக்கு நடுக்கம் தங்கிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார், அதனால் ஒவ்வொரு நாள் காலையும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இப்போது நாளுக்கு நான்கு மாத்திரை. பிரஷருக்கு ஒன்று, சுகருக்கு ஒன்று, கால்சியம், அப்புறம் தூக்க மாத்திரையில் பாதி. அந்தப் பாதியைக் கால் ஆக்குவதுதான் இன்னும் நடக்கவில்லை. போன மாதம் முயன்றோம், மூன்று ராத்திரி தூங்காமல் ஹாலில் உட்கார்ந்திருந்தார், மறுபடி பாதிக்கே வந்துவிட்டோம். அடுத்த சனிக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். அத்தை பையை இப்போதே எடுத்துக் கதவுப் பக்கம் மாட்டி வைத்திருக்கிறார்.