திருகோணமலைக்குச் சபை ஒன்று போதும், வட்டாரங்கள்தான் சிறிதாக வேண்டும்

மாகாண சபைத் தேர்தல் எப்போது என்ற கேள்வி எழும்போதெல்லாம் தொகுதி, வட்டாரக் கோடுகளைத் திரும்ப வரையும் எல்லை நிர்ணயமும் கூடவே எழுகிறது. எங்கள் மாவட்டத்தில் எல்லை என்றால் இனக் கணக்குத்தான் முதலில் நினைவுக்கு வரும். அதற்குக் காரணம் உண்டு. சிங்களக் குடும்பங்களைக் கொண்டுவந்த கந்தளாய், அல்லைக் குடியேற்றத் திட்டங்களும், 1976 எல்லை நிர்ணயத்தில் சேருவில தனித் தொகுதியானதும் இங்கே யாரும் மறந்துவிட்ட கதைகள் இல்லை. அந்த வலியைச் சிறிதாக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு கோடு கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. அது பட்டினத்துக்கும் அதைச் சுற்றியிருக்கும் ஊர்களுக்கும் நடுவே ஓடும் கோடு. காசு சேரும் இடத்தை ஒரு சபைக்கும், காசு தேவைப்படும் இடத்தை இன்னொரு சபைக்கும் கொடுத்துவிட்ட கோடு.

காலையில் பட்டினத்துக்குள் வரும் வீதிகளைப் பாருங்கள். வடக்கே நிலாவெளி வீதி, மேற்கே கன்னியாப் பக்கத்து வீதி, தெற்கே சீனக்குடா வழியாக வரும் வீதி. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, பாடசாலை வான், பஸ் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்த பிறகும், மூதூர்ப் பக்கத்துப் பாலங்கள் 2011 இல் வந்த பிறகும் இந்த வரத்து இன்னும் கூடிவிட்டது. கச்சேரி, பெரியாஸ்பத்திரி, மாகாண அலுவலகங்கள், வங்கிகள், பெயர்பெற்ற பாடசாலைகள் எல்லாம் பட்டினத்தில்தான் இருக்கின்றன. உழைப்பதும் படிப்பதும் மருந்தெடுப்பதும் உள்ளே, படுத்து எழும்புவது வெளியே. பின்னேரம் ஐந்து மணிக்கு அதே வீதிகள் மறுபக்கமாக நிரம்புகின்றன.

பட்டினத்தை மூன்று பக்கம் கடல் சூழ்ந்திருக்கிறது. உள்ளே வீடு கட்டக் காணி இல்லை, இருந்தாலும் விலை கேட்டால் தலை சுற்றும். அதனால் உத்தியோகத்தர்களும் வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களும் உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் வந்து மதிலும் கேற்றுமாகப் பெரிய வீடுகள் கட்டியிருக்கிறார்கள். அதே ஒழுங்கைகளுக்குப் பின்னால் மீனவர் வீடுகள் இருக்கின்றன. இன்னும் உள்ளே போனால் போரில் இரண்டு மூன்று தடவை இடம்பெயர்ந்து திரும்பி வந்த குடும்பங்கள் இருக்கின்றன. இது எல்லாம் ஒரே பிரதேச செயலாளர் பிரிவு. பட்டினமும் சூழலும் என்றுதான் அதற்குப் பெயர். பிறப்புச் சான்றிதழுக்கும் காணி அலுவலுக்கும் எல்லாரும் போவது ஒரே பிரதேச செயலகத்துக்கு. வீதி விளக்கு எரியவில்லை, வடிகான் அடைத்துவிட்டது, குப்பை எடுக்க வரவில்லை என்றால் மட்டும் நீங்கள் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். பட்டினத்துக்கு ஒரு சபை, சூழலுக்கு ஒரு பிரதேச சபை.

சரி, பிரிந்திருந்தால் என்ன என்று கேட்கலாம். காசை எடுத்துப் பாருங்கள். உள்ளூராட்சிச் சபையின் சொந்த வருமானம் சோலைவரி என்கிற வீடு, கட்டட வரி, வியாபார உரிமக் கட்டணம், கடை வாடகை, காணி கைமாறும்போது மாகாண சபை வழியாக வரும் முத்திரை வரி, நீதிமன்றத் தண்டப்பணம் போன்றவைதான். கடைத்தெருவும் கட்டடங்களும் உள்ள இடத்துக்கு இதெல்லாம் தானாகச் சேரும். பிரதேச சபையோ கட்டடங்கள் நெருங்கிய பகுதி என்று பிரகடனம் செய்த இடத்தில்தான் சோலைவரி அறவிடலாம். மற்ற இடங்களில் நிரந்தரப் பயிர்ச்செய்கைக் காணிக்கு ஏக்கர் வரி. அந்த ஏக்கர் வரியால் எத்தனை கிறவல் வீதியைக் கொங்கிறீட் ஆக்க முடியும்? சாம்பல்தீவுக்காரரும் கன்னியாக்காரரும் தங்கள் உழைப்பைப் பட்டினத்துக் கடைகளில்தான் செலவழிக்கிறார்கள். அந்தக் கடைகளின் வரியில் ஒரு சதமும் அவர்களுடைய ஒழுங்கைக்கு வராது.

தண்ணீரையும் பாருங்கள். பட்டினம் குடிப்பது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். அதே குளத்தை நம்பித்தான் தம்பலகாமத்து வயல்களும் இருக்கின்றன. வரட்சி வந்தால் எதற்கு எவ்வளவு என்று முடிவெடுக்கும் மேசையில் விவசாயியும் குழாயைத் திறக்கிறவரும் ஒன்றாக இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கடற்கரையில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரியும். உப்புவெளியில் இருந்து நிலாவெளி வரை வருகிற வெள்ளைக்காரருக்கு அது ஒரே கடற்கரை, ஒரே வீதி. நிர்வாகத்தில் நிலாவெளி குச்சவெளிப் பிரதேச சபைக்குரியது. சுற்றுலாத்துறையில் பதிவுசெய்த விடுதியிடம் அதன் வருமானத்தில் ஒரு வீதம் வரை உரிமக் கட்டணமாக அறவிட பிரதேச சபைக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆக விடுதி எந்தச் சபைக்குள் நிற்கிறது என்பதைப் பொறுத்து அந்தக் காசு போகிறது. விடுதியில் அறை துடைக்கிற பெண் எந்தச் சபைக்குள் வசிக்கிறாள், அவளுடைய ஊர்க் கிணறு எப்படி இருக்கிறது என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. (நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது 2003 இல் தேசியப் பூங்காவானது. நுழைவுச்சீட்டுக் காசு வனசீவராசிகள் திணைக்களத்துக்கு. படகுத்துறையில் சேரும் குப்பை மட்டும் ஊருக்கு.)

இது சபைகளுக்கு நடுவே உள்ள கோடு. சபைக்குள்ளே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் சிறு பிரிவுகளாக வெட்டிப் போடும் வட்டாரக் கோடு வேறு விதமாகக் காயப்படுத்துகிறது.

2018 பெப்ரவரி 10 தேர்தலில் வட்டார முறை திரும்பி வந்தபோது நான் மனதாரச் சந்தோசப்பட்டேன். அதற்கு முன் விருப்பு வாக்கு முறையில் எங்கள் ஊருக்கென்று ஓர் உறுப்பினர் இல்லை. யாரைக் கேட்பது என்றே தெரியாது. இப்போது நூற்றுக்கு அறுபது பேர் வட்டாரத்தில் இருந்தும், நாற்பது பேர் கட்சிப் பட்டியலில் இருந்தும் வருகிறார்கள். நல்ல முறைதான். வட்டாரங்களை எப்படி வெட்டினார்கள் என்பதில்தான் பிரச்சினை. கிராம உத்தியோகத்தர் பிரிவுகளைச் செங்கல் மாதிரி அடுக்கித்தான் வட்டாரம் கட்டப்பட்டது. ஒரு பிரிவு சிறியது என்றால் பக்கத்துப் பெரிய பிரிவோடு ஒட்டிவிடுவார்கள். காகிதத்தில் தலைக்கணக்கு சரியாக வரும். நிலத்தில் பார்த்தால், மதில் வீடுகள் நிறைந்த வீதியும் அதற்குப் பின்னால் வாடியும் வள்ளமுமாக உள்ள சின்ன ஊரும் ஒரே உறுப்பினருக்கு வாக்குப் போடுகின்றன. வேட்பாளர் யார் வீட்டில் இருந்து வருவார்? ஆட்களைத் தெரிந்தவர், வாகனம் உள்ளவர், கட்சி அலுவலகத்துக்கு அடிக்கடி போய்வரக்கூடியவர். நான் பார்த்தவரையில் அவர் பின் ஒழுங்கையில் இருந்து வருவதில்லை.

தோற்ற வாக்கு வீணாகாது, பட்டியல் வழியாகத் திரும்பி வரும் என்று சொல்வார்கள். வாக்கு திரும்பி வருவது உண்மை. ஆனால் பட்டியலில் யாரை எடுப்பது என்பது கட்சியின் முடிவு. அங்கேயும் பட்டினத்தோடு நெருக்கமானவருக்குத்தான் கதவு திறக்கிறது.

எந்தக் கணக்கெடுப்பை வைத்து வெட்டினார்கள் என்பதையும் யோசியுங்கள். எங்கள் மாவட்டத்தின் சனத்தொகை 1981 இல் 255,948. அடுத்த முழுமையான கணக்கு 2012 இல்தான், 379,541. நடுவில் 2001 கணக்கெடுப்பு போரால் இங்கே முழுதாக நடக்கவில்லை. 2012 க்குப் பிறகுதான் வெளியூர்களில் வீடுகள் மளமளவென்று எழும்பின, திரும்பி வந்த குடும்பங்களும் மெல்ல மெல்லக் குடியேறின. 2025 மே 6 தேர்தலில் வாக்குப் போட்டபோது எங்கள் ஊர்கள் பழைய ஊர்களாக இருக்கவில்லை. வட்டாரத்தின் அடித்தளம் மட்டும் பழையது.

என் ஒன்றுவிட்ட அக்கா குடும்பம் லண்டனுக்கு வெளியே சரே பக்கம் இருக்கிறது. ரயில் ஏறி லண்டனுக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களின் வசதியான பட்டணங்கள், நடுநடுவே வயலும் குதிரைப் பண்ணையுமாகக் கிராமங்கள். அங்கேயும் இதே வழக்குத்தான். இங்கிலாந்தின் உள்ளூராட்சி எல்லை ஆணைக்குழு மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது: வாக்காளர் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும், ஒரு சமூகத்தின் அடையாளம் குலையக் கூடாது, நிர்வாகம் வசதியாக நடக்க வேண்டும். முதலாவதும் இரண்டாவதும் முட்டிக்கொள்ளும்போது சின்னக் கிராமங்கள் பட்டணத்தின் ஓரத்தோடு சேர்க்கப்படுகின்றன. கிராமத்துக்காரர் முணுமுணுக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் எங்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. மேலே வட்டாரம் எப்படி வெட்டப்பட்டாலும், கீழே பரிஷ் கவுன்சில் என்று கிராமத்துக்கே உரிய சிறு சபை பல இடங்களில் உயிரோடு இருக்கிறது.

எங்களிடமும் அது இருந்தது. 549 கிராம சபைகளும் 83 பட்டின சபைகளும் இந்த நாட்டில் இருந்தன. 1981 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது அவையெல்லாம் கலைக்கப்பட்டன. 1987 இன் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் வந்தன. ஆனால் பல கிராம சபைகள் இருந்த இடத்தில் ஒரே ஒரு பிரதேச சபை. ஊருக்கும் சபைக்கும் நடுவே இருந்த படி போய்விட்டது. அதனால்தான் வட்டாரக் கோடு எங்களுக்கு இவ்வளவு முக்கியமாகிறது. அது பிழைத்தால் ஊருக்குப் பேச வேறு இடம் இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். பட்டினத்துக்கும் சூழலுக்கும் ஒரே சபை வேண்டும். நகர சபை மாநகர சபையாகத் தரம் உயர்ந்தபோதே இதைப் பேசியிருக்க வேண்டும். கடைத்தெருவின் வரியும் கடற்கரையின் வரியும் ஒரே பெட்டிக்குள் விழட்டும். அந்தச் சபைக்குள் வட்டாரங்கள் சிறிதாக இருக்கட்டும். ஒரு மீனவ ஊர், ஒரு மேட்டுநிலப் பயிர்ச்செய்கை ஊர், தலைக்கணக்கில் குறைந்தாலும் தனி வட்டாரமாக நிற்கட்டும். சமூகங்கள் கலந்து வாழும் இடத்தில் பல அங்கத்தவர் வட்டாரம் அமைக்க ஏற்கெனவே சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைத் தாராளமாகப் பாவிக்கட்டும்.

தலைக்கணக்கை விட்டுக்கொடுப்பது அநியாயம் என்று சிலர் சொல்வார்கள். 1946 எல்லை நிர்ணயத்தில் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதோடு 1,000 சதுர மைலுக்கும் ஓர் ஆசனம் என்றுதான் கணக்கு வைத்தார்கள். ஆட்கள் ஐதாக வாழும் பெரிய நிலத்துக்கும் குரல் வேண்டும் என்பது இந்த நாட்டுக்குப் புதிய யோசனை கிடையாது. இன்றைக்கும் பாராளுமன்ற ஆசனங்களில் சனத்தொகை எதுவாக இருந்தாலும் மாகாணத்துக்கு நான்கு என்ற ஒதுக்கீடு இருக்கிறது. மேலே ஒப்புக்கொண்டதைக் கீழே ஏன் மறுக்க வேண்டும்?

இரண்டு எதிர்ப்புகளை நான் மதிக்கிறேன். ஒன்று, மாநகர சபைக்குள் போனால் கிராமத்து ஏழைக்கும் சோலைவரி ஏறும் என்ற பயம். நியாயமான பயம். வரி வீதத்தைப் பகுதிக்குப் பகுதி வேறாக வைப்பதை எழுத்தில் உறுதிப்படுத்தாமல் யாரும் சம்மதிக்கக் கூடாது. மற்றது, சபைகளை இணைத்தால் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் விகிதம் எப்படி மாறும் என்ற பயம். இதைத் தட்டிக் கழிக்க எனக்கு மனம் வராது. கோட்டை நகர்த்தி எங்கள் வாக்கைக் கரைத்த அனுபவம் உள்ள சனம் நாங்கள். ஒவ்வொரு சமூகத்துக்கும் இப்போது கிடைக்கும் உறுப்பினர் எண்ணிக்கை குறையாதபடி வட்டார வரைபடம் முதலில் மேசைக்கு வர வேண்டும், இணைப்பு அதற்குப் பிறகுதான் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் அந்தப் பயத்தைக் காட்டியே உப்புவெளித் தமிழரின் ஒழுங்கையையும் பக்கத்து முஸ்லிம் ஊரின் ஒழுங்கையையும் அபயபுரச் சிங்களவரின் ஒழுங்கையையும் இப்படியே விட்டுவைப்பதை ஏற்க முடியாது. மழைத்தண்ணீர் மூன்று ஒழுங்கையிலும் ஒரே மாதிரித்தான் நிற்கிறது.

பொறுப்பு பல கைகளாகப் பிரிந்து கிடந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியை விட வேறு சான்று எனக்குத் தெரியாது. 2021 நவம்பர் 23 காலை, பாலம் கட்டி முடியாத இடத்தில் பாடசாலைப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஏறிய மிதவைப் படகு கவிழ்ந்தது. அன்றைக்கே ஆறு உயிர் போனது. பாலம் கட்டும் வேலை ஒரு நிறுவனத்திடம், படகுக்கு அனுமதி இன்னொரு இடத்தில், பயணம் செய்த சனத்தின் ஊர் வேறொரு சபைக்குள். பிறகு கிண்ணியா நகர சபைத் தவிசாளர் கைதானார். கைதுகள் நடந்தன, ஆனால் பாலம் முடியும்வரை பிள்ளைகளைப் பாதுகாப்பாக அக்கரை சேர்ப்பது யாருடைய பொறுப்பு என்பதற்கு அன்று காலை வரை ஒரே ஒரு பதில் இருந்திருந்தால், அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்திருப்பார்கள்.

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30 உடன் முடிந்தது. மாகாண சபைத் தேர்தலுக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் 139 எதிர் வாக்குகளோடு தோற்றது. ஆதரவாக ஒரு வாக்குக்கூட இல்லை. அத்தனை உழைப்பும் அப்படியே கிடப்பில் போனது. அந்த வேலை என்றைக்காவது திரும்பத் தொடங்கத்தான் வேண்டும். உள்ளூராட்சி வட்டாரங்களைக் குறைக்கும் பேச்சும் நெடுநாளாக இருக்கிறது. நாட்டில் 8,000 க்கு மேல் உறுப்பினர்கள், செலவு அதிகம் என்கிறார்கள். செலவு உண்மைதான். ஆனால் குறைக்கும்போது முதலில் காணாமல் போவது சின்ன ஊரின் வட்டாரம். பட்டினத்து வட்டாரம் எங்கேயும் போகாது.

முந்திய தடவை எல்லை நிர்ணயக் குழு கருத்துக் கேட்டபோது எழுதிக் கொடுத்தவர்கள், நான் அறிந்தவரையில், பெரும்பாலும் கட்சிக்காரர். இந்த முறை மீனவர் சங்கம், விவசாய சம்மேளனம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம் எல்லாம் எழுத வேண்டும். அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரையும் இலக்கத்தையும் எழுதுங்கள். எந்த வீதியோடு, எந்தப் பாடசாலையோடு, எந்தச் சந்தையோடு உங்கள் நாள் ஓடுகிறது என்று எழுதுங்கள். இப்போதைய வட்டாரத்தில் யாரோடு சேர்க்கப்பட்டிருக்கிறீர்கள், அதனால் என்ன கிடைக்காமல் போனது என்று எழுதுங்கள். கீழே கருத்துப் பகுதியிலும் போடுங்கள். பிரிவு பிரிவாகத் தொகுத்து மூன்று மொழியிலும் எழுதித் தர நானும் இரண்டு நண்பர்களும் தயாராக இருக்கிறோம். தம்பலகாமம், குச்சவெளி, மூதூர்ப் பக்கத்தவர்களும் வாருங்கள்.