ஈஸ்டர் தீவுச் சிலைகளுக்கு உடல் இருப்பது புதுக் கண்டுபிடிப்பா?

'ஈஸ்டர் தீவின் கல் தலைகளுக்கு அடியில் உடலும் இருக்கிறதாம், இப்போதுதான் கண்டுபிடித்தார்கள்' என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் மறுபடியும் சுற்றுகிறது. உடல் இருப்பது உண்மை. 'இப்போதுதான்' என்பது தவறு.

பசிபிக் கடலில் இருக்கும் அந்தத் தீவின் ரானோ ராராக்கு என்ற எரிமலைக் குன்றில்தான் இந்தச் சிலைகளில் பெரும்பாலானவற்றைச் செதுக்கினார்கள். சரிவில் நின்றவற்றை மேலிருந்து வந்த மண்ணும் கல்துகளும் மெல்ல மெல்லக் கழுத்துவரை மூடிவிட்டதால் தலை மட்டும் வெளியே தெரிகிறது. 1914-15லேயே பிரிட்டிஷ் ஆய்வாளர் கேத்ரின் ரௌட்லெஜ் அங்கே தங்கி, சில சிலைகளைச் சுற்றித் தோண்டி, உடலைப் பார்த்துப் பதிவு செய்துவிட்டார். அதற்கும் முன்பு, 1868இல் பிரிட்டிஷ் கப்பல் ஒன்று தூக்கிப்போன சிலை, உடலோடு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நிற்கிறது. அதன் முதுகுப் பக்கம் போய்ப் பாருங்கள், பறவை மனிதர் உருவங்கள் செதுக்கியிருக்கும்.

உண்மையிலேயே வியக்கவைத்த கண்டுபிடிப்பு வேறு. 1978இல் அனகேனா கடற்கரையில், அந்த மண்ணிலேயே பிறந்த தொல்லியலாளர் செர்ஜியோ ராப்பு தலைமையில் நடந்த அகழாய்வில் ஒரு சிலையின் கண் கிடைத்தது: வெள்ளைப் பவளத்தில் செய்த விழி, நடுவில் சிவப்பு எரிமலைக் கல்லில் கருவிழி. அதுவரை வெறும் குழி என்று நினைத்த இடம் அது. பகிர்வதென்றால் இதைப் பகிருங்கள்.