அயர்ன் மேனும் ஜாம் போத்தல் விளக்கும்

‘அயர்ன் மேன்’ நல்ல படம் என்று சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சிவப்பும் பொன்னிறமும் கலந்த கவசத்தையும், பறக்கிற காட்சிகளையும், றொபேட் டவுனி ஜூனியரின் பேச்சையும் மனதில் வைத்துத்தான் சொல்லுகிறார்கள். எனக்கு அந்தப் படம் குகையோடு முடிந்துவிடுகிறது. ஏறத்தாழ முதல் நாற்பது நிமிடம். இரண்டு பேர், ஒரு உலை, கொஞ்சப் பழைய இரும்பு, குறடு, வயர். சுப்பர் ஹீரோ படங்களிலேயே கைவேலையை இவ்வளவு மரியாதையோடு காட்டிய இன்னொரு பகுதியை நான் பார்த்ததில்லை. இதை நீட்டி எழுதவேண்டும் என்று கன நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

படம் வந்தது 2008 மே மாதம். இலங்கைப் போரில் மன்னார்ப் பக்கமிருந்து சனம் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிழக்கே, கிளிநொச்சியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. வன்னிக்குள் இருந்த எங்களுக்கு அப்படி ஒரு படம் வந்ததே தெரியாது. பல வருடம் கழித்துத்தான் பார்த்தேன். அதனாலோ என்னவோ, அமெரிக்காவில் இருந்து பார்ப்பவருக்குத் தெரியாத சில இடங்கள் எனக்கு உறைத்தன.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரோனி ஸ்ராக் ஆயுதம் செய்து விற்கிற பெரும் பணக்காரன். ஆப்கானிஸ்தானில் புதிய ஏவுகணை ஒன்றைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது அவனுடைய வாகனத் தொடர் தாக்கப்படுகிறது. பக்கத்தில் வந்து விழுகிற குண்டில் அவனுடைய கம்பனியின் பெயரே எழுதியிருக்கிறது. அது வெடித்து, சன்னங்கள், அதாவது குண்டின் சிதறிய இரும்புத் துண்டுகள், நெஞ்சுக்குள் போகின்றன. கண் விழித்தால் ஒரு குகை. நெஞ்சில் ஒரு மின்காந்தம், அதிலிருந்து வயர் போய் ஒரு கார் பற்றரி. சன்னம் இதயத்துக்குப் போகாமல் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது அந்த மின்காந்தம்தான். அதைப் பூட்டி உயிரைக் காப்பாற்றியவர் யின்சன் என்ற இன்னொரு கைதி. பிறகு இரண்டு பேரும் ஏவுகணைகளைக் கழற்றி, உள்ளே இருக்கிற பலேடியம் என்ற உலோகத்தைச் சேர்த்து உருக்கி வார்த்து, பற்றரிக்குப் பதிலாக மின்சாரம் தருகிற ஒரு சின்ன ரியாக்டர் செய்கிறார்கள். அதன் பிறகு இரும்பை அடித்து வளைத்து முதல் கவசம். படத்துக்காக அந்தக் கவசத்தையும் சினிமாவுக்கு உருவங்கள் செய்வதில் பேர்போன ஸ்ரான் வின்ஸ்ரனின் பட்டறையில் நிஜமாகவே செய்திருக்கிறார்கள். அதன் பாரம் நடையில் தெரிகிறது.

போன கிழமை அக்காவின் மகன் என்னோடு இருந்து இதைப் பார்த்தான். கார் பற்றரிக் காட்சி வந்ததும் கேட்டான்: “மாமா, அம்மம்மான்ர தோளுக்குள்ளயும் இதுதானே கிடக்கு? அவவுக்கு ஏன் பற்றரி பூட்டேல்லை?”

“அவவின்ர துண்டு அசையாதடா. எடுத்தா நரம்பு பழுதாகுமெண்டு டொக்டர்மார் அப்பிடியே விட்டவை” என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் படத்தைப் பார்க்கத் தொடங்கினான். அவனுக்கு அது புதினமே இல்லை. வன்னியில் ஊருக்கு ஊர் சன்னத்தோடு வாழுகிற மனிதர்கள் இருக்கிறார்கள். குளிர் நாட்களில் நோகும், பாரம் தூக்கினால் நோகும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் உடம்பில் உலோகம் கிடக்கிறது என்று முதலே சொல்லவேண்டும். ஹொலிவுட்காரருக்கு அது கதையை நகர்த்துகிற ஒரு யோசனை. எங்களுக்கு அது அம்மாவின் இடது தோள்.

அதனால்தான் 2013இல் வந்த மூன்றாம் படத்தின் முடிவு எனக்குப் பிடிக்கவே இல்லை. சத்திரசிகிச்சை செய்து எல்லாச் சன்னத்தையும் எடுத்துவிடுகிறார்கள். அவன் ரியாக்டரைக் கடலுக்குள் எறிந்துவிடுகிறான். திரையில் எல்லாம் சடாரென்று முடிந்துவிடுகிறது. அவனுடைய ஆயுதம் விழுந்த ஊர்களோடு அவனைக் கட்டி வைத்திருந்தது அந்தக் காயம் ஒன்றுதான். அதை இவ்வளவு லேசாக அவிழ்த்துவிட்டிருக்கக் கூடாது.

சரி, குகைக்கு வருவோம். அந்தக் காட்சிகள் எனக்கு ஏன் இவ்வளவு நெருக்கம் என்றால், அப்படிப்பட்ட வேலை நடந்த வீட்டில்தான் நான் வளர்ந்தேன். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு போட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருள், பற்றரி, மெழுகுதிரி, சீமெந்து என்று பலதும் நின்றுபோயின. வன்னிக்கு அது 2002 சமாதான காலம் வரை நீண்டது. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் விலை கேட்டால் நெஞ்சு அடைக்கும். அப்போது வந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலுக்கு அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், நடுவில் கம்பியில் நிற்கிற மெல்லிய திரி. போத்தலின் கண்ணாடிச் சுவரே சிம்னி. காற்று பட்டாலும் அணையாது, சுடரும் சின்னது, எண்ணெயும் மிச்சம். அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் எங்கள் ஆட்கள் சோதினை எழுதினார்கள்.

றேடியோவுக்குப் பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து மின்சாரம் எடுத்தார்கள். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற்ஸ், அதுவும் மாறுமின்னோட்டம். றேடியோவுக்கு நேரோட்டம் வேண்டும். அதனால் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் போகவிடுகிற டையோட் ஒன்றை இடையில் போடவேண்டும், இல்லாவிட்டால் இரைச்சல்தான். பௌதிகம் படிக்காத பெரியவர்கள்கூட அந்த டையோட்டை எந்தப் பக்கம் திருப்பிப் பூட்டவேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். பி.பி.சி. தமிழோசை தொடங்குகிற நேரத்தில் பெடல் சுற்ற ஒருவர் இருக்கவேண்டும். வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் அமுங்கிப் போகும், உடனே பெரியவர்கள் “சுத்தடா, சுத்தடா” என்பார்கள்.

மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெய் பெற்றோல் போலச் சட்டென்று ஆவியாகாது, குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. ஆகவே ஒரு சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோல் கொண்டு திரிவார்கள். கொஞ்சத்தைக் காபுறேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறும். புகை கண்ணை எரிக்கும், பிளக்கை அடிக்கடி கழற்றித் துடைக்கவேண்டும். ஆனால் ஓடியது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த ஒருவனுக்கு, அந்தப் படத்தில் வில்லன் தன்னுடைய விஞ்ஞானியைப் பார்த்து, ஸ்ராக் இதை ஒரு குகைக்குள் பழைய இரும்புத் துண்டுகளை வைத்துச் செய்தானே என்று கத்துகிற இடம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய ஆய்வுகூடம், எல்லா வசதியும் இருக்கிறது, ஆனால் செய்ய முடியவில்லை. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த வசனம் அது.

இனி மூலக் கொமிக்ஸ். அயர்ன் மேன் முதலில் வந்தது 1963 மார்ச் திகதியிட்ட ‘டேல்ஸ் ஒஃப் சஸ்பென்ஸ்’ 39ஆம் இதழில். அதில் இடம் ஆப்கானிஸ்தான் அல்ல, வியட்நாம். முதல் கவசம் சாம்பல் நிறம். சக்தி கொடுப்பது ட்ரான்சிஸ்டர். படமாக்கியவர்கள் காலத்துக்கு ஏற்ப இடத்தை மாற்றினார்கள், அது சரிதான். ஆனால் ஒரு மாற்றம் எனக்கு நட்டமாகத் தெரிகிறது. பழைய கொமிக்ஸில் ரோனியின் நெஞ்சுக் கவசம் சார்ஜ் இறங்கிப்போகும். எங்கேயாவது சுவரில் பிளக் தேடி ஓடிப்போய் ஏற்றவேண்டும், இல்லாவிட்டால் சாவு. எவ்வளவு பெரிய பணக்காரனாக இருந்தாலும் ஒரு மின்சாரத் துளையை நம்பி வாழவேண்டும். படத்தில் குகையை விட்டு வந்த பிறகு இன்னும் நல்ல ரியாக்டர் ஒன்று செய்துகொள்கிறான், அந்தத் தவிப்பு பெரும்பாலும் போய்விடுகிறது. ரக்ரர் பற்றரியில் போனைச் சார்ஜ் போட்டுக் காத்துக்கிடந்த எனக்கு அந்தப் பழைய ரோனியைத்தான் நன்றாக விளங்குகிறது.

தமிழில் கொமிக்ஸ் படித்தவர்களுக்கு உடனே ஒருவர் ஞாபகத்துக்கு வருவார்: இரும்புக்கை மாயாவி. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவருடைய கதையோடுதான். மூலக்கதை 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ இதழில் வந்தது. இரண்டு பாத்திரங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை, இரண்டுக்கும் உடம்பில் இரும்பு, இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். அட்டை கிழிந்த மாயாவிப் புத்தகங்கள் எங்கள் பக்கமும் கை மாறி வந்தன. மின்சாரமே இல்லாத ஊரில் ஜாம் போத்தல் விளக்கில் அதை வாசித்திருக்கிறோம். மாயாவியை எடுக்கிற துணிச்சல் தமிழ்ச் சினிமாவில் யாருக்காவது வரவேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன். கிராஃபிக்ஸ் குறைவாக, ஒரு மனிதனும் ஒரு கையுமாக.

‘அயர்ன் மேன்’ எங்கே விழுகிறது என்றால், யின்சனை மறக்கிற இடத்தில். கொமிக்ஸிலும் சரி, படத்திலும் சரி, கவசத்துக்குச் சக்தி ஏறும்வரை நேரம் எடுத்துக் கொடுப்பதற்காக எதிரிகளை நோக்கி ஓடிச் செத்துப்போகிறவர் அவர்தான். குடும்பம் எல்லாம் முன்பே செத்துவிட்டது. உயிரை வீணாக்காதே என்று ரோனியிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறார். ஷோன் டூப் அந்த வேடத்தை அவ்வளவு அமைதியாகச் செய்திருக்கிறார். பிறகு ரோனி ஆயுதம் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவிக்கிறான், யின்சனின் ஊரான குல்மிராவுக்குப் பறந்துபோய்ச் சண்டை போடுகிறான். அவ்வளவுதான். அந்த ஊர்ச் சனத்தை அதன் பிறகு காணோம். கடைசிச் சண்டை இரண்டு கம்பனி முதலாளிகளுக்கு இடையில் அமெரிக்காவில் நடக்கிறது. யாருடைய தலையில் அந்தக் குண்டுகள் விழுந்தன என்ற கேள்வியோடு தொடங்கிய படம், அந்த மனிதர்களைச் சில நிமிடத்தில் தாண்டிப் போவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

ஆனால் ஒரு காட்சிக்காக மன்னிக்கலாம். குகையில் செய்த பழைய ரியாக்டரை எறியச் சொல்கிறான் ரோனி. அவனுடைய உதவியாளர் பெப்பர் எறியாமல் கண்ணாடிக்குள் வைத்துத் திருப்பிக் கொடுக்கிறாள். பிறகு புதியது களவுபோய்ச் சாகக் கிடக்கும்போது அந்தப் பழையதுதான் உயிரைக் காப்பாற்றுகிறது. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இது தெரிந்த விசயம். எந்தப் போத்தலையும், எந்த உரப்பையையும் அம்மா எறிந்ததில்லை. போரின் கடைசிக் காலத்தில் பங்கர் கட்ட மண்மூட்டைக்குச் சாக்கு இல்லாதபோது, பத்திரப்படுத்தி வைத்த சேலைகளை வெட்டித் தைத்து மண் நிரப்பிய ஊர் இது.

இன்றைக்கு என்ன வைத்திருக்கவேண்டும் என்று என்னைக் கேட்டால், முதலில் சைக்கிள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் பங்கிட்டுக் கொடுக்கக் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். கொட்டிலில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் அந்த மாதங்களில் தூசி தட்டி வெளியே வந்தன. கியர் இல்லாத, பின்னுக்குக் கரியர் உள்ள பழைய மொடல்தான் நல்லது, பாகங்கள் எந்தக் கடையிலும் கிடைக்கும். அடுத்தது தறப்பாள். மழைக்குக் கூரை, நெல் காயப்போட நிலம், வண்டிலுக்கு மூடி. மெல்லிய நீலத் தறப்பாள் வெயிலில் சீக்கிரம் உடைந்து துகளாகும், கொஞ்சம் கூடக் கொடுத்துத் தடித்ததை வாங்குங்கள்.

பிறகு ரோர்ச். யானை வருகிற ஊர்களில் இருட்டினால் ரோர்ச் இல்லாமல் முற்றத்துக்கும் இறங்கக் கூடாது. இப்போது கடைகளில் குவிந்திருப்பவை மூடி ஒட்டிய சார்ஜ் ரோர்ச்சுகள். நானும் ஒன்று வாங்கினேன், ஒரு மாரி முடியமுன் உள்ளே இருந்த பற்றரி செத்துவிட்டது. திறக்க வழி இல்லை, உடைத்தால்தான் உண்டு. அதற்குப் பதிலாக 18650 பற்றரி போடுகிற மாதிரி வாங்குங்கள். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம், உலகம் முழுக்க ஒரே அளவு. பழுதான மடிக்கணினியின் பற்றரிப் பெட்டிக்குள்ளும் அது பல நேரம் இருக்கும், ஆனால் பழசைச் சோதிக்காமல் சார்ஜ் போடவேண்டாம், தீப்பற்றக்கூடும். திறந்து திருத்த முடியாத சாமான் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எங்கள் ஊருக்கு அது விலை கூடியதுதான்.

ஒரு குறடும் கொஞ்சம் கட்டுக்கம்பியும் எந்த வீட்டிலும் இருக்கவேண்டும். பழைய சைக்கிள் ரியூப்பைப் பட்டியாக வெட்டி வைத்தால் கயிறாகவும் வாசராகவும் உதவும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளுக்குக் காபுறேற்றரில் என்ன மாற்றம் செய்தீர்கள், டைனமோவில் எந்த டையோட் போட்டீர்கள், விளக்குத் திரிக்கு எந்தக் குழாய் பாவித்தீர்கள் என்று ஞாபகம் உள்ளவர்கள் கீழே விபரமாக எழுதுங்கள். படம் கீறிக் காட்டினால் இன்னும் நல்லது. செய்த ஆட்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயதாகிவிட்டது, தெரிந்தவர்களிடம் கேட்டும் எழுதுங்கள். வருவதைச் சேர்த்து ஒரு சின்னக் கைநூலாக்கிப் பள்ளிக்கூட நூலகங்களுக்குக் கொடுக்க நினைத்திருக்கிறேன். மருமகன் படம் கீறித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.